கைராசி போகவில்லை

மின்விசிறி இவ்வளவு சத்தம் போட்டால் நான் சொல்வது உங்களுக்குக் கேட்குமா, ஐயா? பரவாயில்லை, ஓடட்டும். உங்களுக்கு வேர்க்கிறது.

ஆம்புலன்சில் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருபவன் நான். முன்னால் ஓட்டுபவனை ராக்கெட் என்று கூப்பிடுவோம். சைக்கிள்காரர்கள்கூட மணியடித்து அவனை முந்திப் போவார்கள், அதனால் வந்த பெயர். தங்கமான மனுஷன். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் வாய்க்கு வாய் அண்ணே என்பான்.

எனக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். அது தற்செயலாக வந்தது. ஒரு நாள் வண்டியில் ஓர் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. பார்த்தால் ஆக்சிஜன் குழாய் தலையணைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. வலது கையை அவர் நெஞ்சில் வைத்து, இடது கையால் யாருக்கும் தெரியாமல் குழாயை நீவிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. மகன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க தொட்டதும் எங்கம்மாவுக்கு உசிரு வந்துருச்சு சார்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிய மனைவிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு குழாய் தானாக மடங்கவில்லை. நான்தான் மடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம்தான். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி கத்தித் தொலைக்கும், அதைக் கழற்றிவிடுவேன். கூட வரும் சொந்தக்காரர் பார்த்துப் பதறியதும் நெஞ்சில் கை வைப்பேன், குழாயை விடுவேன். பதறினால்தானே அருமை தெரியும். அதுவரை நோயாளியிடம் கனிவாகப் பேசிக்கொண்டே இருப்பேன். பயிற்சியில் அதற்கு எனக்குத்தான் முதலிடம்.

ராக்கெட்டின் அப்பாவுக்கு இளைப்பு வந்த அன்று, எனக்கு விடுமுறை. என் வீடு தேடி வந்துவிட்டான். "அண்ணே, நீங்க வாங்கண்ணே. நீங்க கை வெச்சா போதும்." அப்பா தையல்காரர். வண்டியில் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதும் என் சட்டைக் காலரைப் பார்த்து, "யாருப்பா தெச்சது? ஒரு பக்கம் இழுக்குதே" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

குழாயை மடித்துப் பிடித்தேன். ராக்கெட் கண்ணாடியில் பின்னால் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். மற்ற நாளில் நொடிக்கொரு தரம் பார்ப்பான். அன்று பார்க்கவில்லை. நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினான். அவன் அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை. பெரியவர் என் காலரைப் பிடித்து இழுத்தார். "பயப்படாதீங்கப்பா, இதோ வந்துட்டோம்" என்றேன். இப்போது பார்ப்பான், இப்போது பார்ப்பான் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் திரும்பினான். அதற்குள் பெரியவர் போய்விட்டார்.

ராக்கெட் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. நீங்களும் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏன் என்கிறீர்களா? நேற்று டீ குடிக்கப் போனபோது அவன் ஒரு நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பாவம், அண்ணனுக்குக் கைராசி போயிருச்சு."

அதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. என் கைராசி எங்கேயும் போகவில்லை. அன்று குழாயிலிருந்து கையை நான் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எழுதிக்கொண்டீர்களா? ராக்கெட்டிடமும் சொல்லிவிடுங்கள். பாவம், தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.