பெயர் கேட்காத படகு

டக். டக். டக். இலங்கை நேவி சுடுகிறது. மன்னார்க் கடல். இந்தியாவுக்குத் தப்பி ஓடும் படகு. விடிந்துகொண்டிருக்கிறது. எனக்கு எட்டு வயது.

"குனியுங்கோ! பிள்ளையளைக் கீழ அமத்துங்கோ!"

படகோட்டி கத்துகிறார். யாரோ ஒரு பெண் என்னை மடிக்குள் அமுக்குகிறாள். எதிர்ப்பக்கம் அம்மா, தம்பியை அணைத்தபடி. படகு சரிகிறது. தண்ணீர் ஏறுகிறது. அம்மாவைக் காணவில்லை. நான் பாய எழுந்தேன். அந்தப் பெண் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். விடவேயில்லை. இன்றும் உச்சந்தலை வலிக்கும். ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஒன்றுமில்லையாம்!

இப்போது நியூ ஜெர்சி. பார்சிப்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை செய்யும் மீனா சென்னைக்காரி. லீவு நாளிலும் சும்மா இருக்கமாட்டாள். 1939இல் ஹிட்லருக்குத் தப்பி ஒரு கப்பலில் வந்த யூத அகதிகளில், இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடுகிறாள். கியூபா திருப்பி அனுப்பிய கப்பல். அமெரிக்காவும் சேர்க்கவில்லை. அன்றைய குழந்தைகள்தான் மிச்சம். எல்லோருக்கும் தொண்ணூறை ஒட்டிய வயது.

எங்கள் இல்லத்து ரூத்தும் அதில் வந்தவள். கப்பலில் பக்கத்துப் படுக்கையில் இருந்த சிறுமி லோட்டே உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பவரையெல்லாம் கேட்பாள். மீனா விடவில்லை. பிறந்த பெயரைப் பிடித்தாள். அதிலிருந்து புருஷன் பெயர். அதிலிருந்து ஹூஸ்டன்.

வீடியோ கால். இரண்டு கிழவிகளும் உற்றுப் பார்க்கிறார்கள். இன்னும் வாந்தி எடுக்கிறாயா என்று கேட்டாள் லோட்டே. ரூத் சிரித்தாள். சிரித்துச் சிரித்தே அழுதாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பார்க்கிங்கில் மீனாவின் கையைப் பிடித்தேன்.

"எனக்கும் ஒரு ஆளைத் தேடித் தாறியா? படகில என்னைப் பிடிச்சு வைச்சிருந்தவ."

"கண்டிப்பா ட்ரை பண்றேன்டி. பேரு சொல்லு."

"அக்கா."

"அக்கா சரி. அக்கா பேரு என்ன?"

கேட்டதேயில்லை. எங்களைவிட மூத்தவள் அக்கா. அவளுக்கும் மூத்தவள் மாமி. படகு ஓட்டியவர் அண்ணை. பெரியவர்களிடம் பெயர் கேட்பது மரியாதையில்லை என்று வளர்த்தார்கள். மண்டபம் அகதி முகாமில் மாதக்கணக்காக எனக்குச் சோறு ஊட்டினாள் அவள். பெரியப்பா வந்து என்னைக் கூட்டிப் போன அன்றும் "போட்டு வாறன் அக்கா" என்றுதான் சொன்னேன். அவளும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டாள். என் பெயர் அவளுக்கும் தெரியாது. அவளாலும் என்னைத் தேட முடியாது.

மீனா கார் கதவைத் திறந்துவிட்டாள்.

படகில் ஏறியவர்கள் பத்தொன்பது பேர். கரையில் இறங்கியவர்கள் பதினொரு பேர். கடலோடு போனவர்கள் அம்மா, தம்பி, இரண்டு மாமிகள், ஒரு மாமா, மூன்று அண்ணைமார். அம்மாவின் பெயர் யோகேஸ்வரி. தம்பியின் பெயர் கஜன். மற்ற ஆறு பேருக்கும் என்னிடம் பெயர் இல்லை. உயிரோடு இறங்கிய அக்காவுக்கும் இல்லை.