கௌட்டி நிறுத்திய மாத்திரை

— தொப்பியைக் கழட்டு, கௌட்டி.

— பனி கொட்டுது ஊனா, கண்ணு தெரியலையா? தலையில குளிர் ஏறினா சளி பிடிச்சுக்கும்.

— கழுத்து வரைக்கும் வெந்நீர்ல கிடக்கறே. ஆவியில மூக்கு இறால் மாதிரி செவந்து கெடக்கு. உனக்குச் சளியா? கழட்டு.

— தொட்டியில எல்லாரும்தான் தொப்பி போட்டிருக்காங்க. அதோ, அந்தப் பெரியவரும்தான்.

— அவர் காதை மூடியிருக்கார். நீ புருவத்தையும் சேர்த்து மூடியிருக்கே. புருஷன் எதையோ மறைக்கறான்னா எனக்குக் கை சும்மா இருக்காது. இதோ பாரு...

— ஐயோ! கொடு! கொடு ஊனா! பாக்கறாங்க!

— கௌட்டி, உச்சியில முடி எங்கே? காலையில காபி குடிக்கறப்போ இருந்துச்சே!

— குளிக்கிற இடத்துச் சாக்கடையில போயிடுச்சு.

— என்னது?

— பொடி. தலையில தூவிக்கற பொடி. தூவினா முடி மாதிரியே ஒட்டிக்கும். காத்தைத் தாங்கும், மழையைத் தாங்கும்னு டப்பாவுல போட்டிருந்தான். நீச்சல் குளத்துக் காவல்காரரைத் தாங்கும்னு போடலை. "சோப்பு போட்டுத் தலையைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் குளத்துல இறங்கணும், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு பக்கத்துலயே நின்னுட்டார். ஒட்டுத்துணி இல்லாம நிக்கறவன் என்ன சட்டம் பேச முடியும்? தேய்ச்சேன். மை மாதிரி கறுப்பா ஓடுச்சு. பக்கத்துல குளிச்சுக்கிட்டிருந்தவன் காலைத் தூக்கிக்கிட்டான். சிரிக்காதே.

— சிரிக்கலை. சரி, சிரிச்சேன். எப்போலேர்ந்து இந்தத் தூவல்?

— செப்டம்பர்ல ஆடுங்களை மலையிலேர்ந்து இறக்கினாங்களே, அப்போலேர்ந்து.

— அதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? கல்யாணப் படத்துல காடு மாதிரி இருக்கு.

— ஐஸ்லாந்துல காடு எங்கே தானா வளர்ந்துச்சு? யாரோ நட்டதுதானே? என் தலையும் அப்படித்தான். காலையும் ராத்திரியும் நுரை மருந்து தேய்ச்சேன், தினம் ஒரு மாத்திரை முழுங்கினேன். தனித்தனியா போடறதைவிட ரெண்டும் சேர்ந்தா நல்லா பிடிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பிடிச்சுது.

— எனக்கு எப்படித் தெரியாம போச்சு?

— நீ பாதி நாள் கப்பல் வேலைக்குப் போயிடறே. நுரை டப்பாவை ஷேவிங் நுரைக்குப் பின்னாடி வெச்சேன். மாத்திரையை மீன் எண்ணெய் டப்பாவுல போட்டேன். அந்த வாடைக்கு நீ கிட்ட வர மாட்டியே.

— மன்னிக்கணும் தம்பி. காதுல விழுந்துடுச்சு. இந்தத் தொட்டியில விழாம இருக்காது. என் பேரு பிரான்துர், வடக்கே படகு வெச்சிருந்தேன். அந்த நுரையை நானும் தேய்க்கலாமா?

— தொப்பியைக் கொஞ்சம் தூக்குங்க ஐயா, பாக்கறேன். அடடா... மன்னிச்சுக்கங்க. இருக்கறதைக் காப்பாத்தத்தான் அதுக்குத் தெரியும்.

— முட்டையில முடி முளைக்காதுங்கறே. சரிப்பா. நான் சூடு ஜாஸ்தியா இருக்கற தொட்டிக்குப் போறேன், நீங்க பேசுங்க. அம்மா, அந்தத் தொப்பியைக் குடுத்துடும்மா, பாவம்.

— போயிட்டார். இப்பச் சொல்லு கௌட்டி. அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை ஏன் விட்டே?

— நுரையை விடலையே. மாத்திரையைத்தான் நிறுத்தினேன். ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு கணக்குப் போட்டேன். நுரையை ரெண்டு மடங்கா அப்பினேன். உச்சியில கொட்டுச்சு, கன்னத்துல முளைச்சுது. உங்கக்காகூடக் கேட்டாளே, "என்ன கௌட்டி, குளிர்காலத்துக்குக் குதிரை மாதிரி ரோமம் விடறியா"ன்னு.

— நான் கேட்டது அதில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினே?

— விடு ஊனா.

— சொல்லு.

— குழந்தைக்காக.

— குழந்தைக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

— எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லையாம். சில ஆம்பிளைங்களுக்கு அந்த மாத்திரையால விந்தணு குறையுமாம். நிறுத்தினா சில மாசத்துல பெரும்பாலும் பழையபடி ஆயிடுமாம். டாக்டரம்மா பேச்சோட பேச்சா சொல்லிட்டாங்க. அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன். மாசாமாசம் நாம ஏமாந்ததுக்கெல்லாம் நான்தான் காரணம். கிராப்புக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையைக் கோட்டை விட்டிருக்கேன்.

— அப்படிச் சொல்லாதே.

— சொல்லணும். ஞாயித்துக்கிழமை எங்கம்மா ஆட்டுக்கறியை வெட்டிக்கிட்டே உன் வயித்தைப் பாப்பா. நீ உருளைக்கிழங்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு சாண் நீளத்துல ஸ்வெட்டர் வேற பின்னிக் குடுத்தா. அப்பக்கூட நான் வாயைத் திறக்கலை. மீன் எண்ணெய் நல்லதும்மான்னு ஒரு மாத்திரையை முழுங்கினேன்.

— போதும் கௌட்டி.

— கேளு. இப்ப தினம் தலையணையில முடி பொறுக்கறேன். முதல்ல அழுகையா வந்துச்சு. இப்போ, போகட்டும், இது பிஞ்சு விரலுக்கு, இது காது மடலுக்குன்னு எண்ணிக்கறேன். முடி காணிக்கை குடுத்துக் குழந்தை கேக்கற பைத்தியம் இந்தத் தீவுலயே நான் ஒருத்தன்தான்.

— உனக்கு அவ்வளவு வேணுமா?

— எங்கப்பா மாதிரி மண்டை பளபளன்னு ஆனாலும் வேணும். பிடிச்சு இழுக்க முடி இல்லாட்டி என்ன, காது ரெண்டும் பெரிசாத்தானே இருக்கு. ஊனா, ஏன் அழறே? கோவமா?

— உன்மேல இல்லை.

— திட்டிடு. ஒவ்வொரு மாசமும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு நீதான் எனக்குத் தைரியம் சொன்னே. நான் திருட்டுத்தனமா மாத்திரை முழுங்கிக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். நான் மனுஷனா?

— தொப்பியைப் போட்டுக்கோ. குளிரும்.

— இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?

— போன தடவை நான் கப்பல் வேலை முடிஞ்சு இறங்கினப்பவே உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். நீ துறையில அப்படிச் சிரிச்சுக்கிட்டு நின்னே. சொல்ல வாய் வரலை.

— என்ன சொல்லணும்னு வந்தே?

— நீ உன் மாத்திரையை நிறுத்திட்டே, கௌட்டி. நான் என் கருத்தடை மாத்திரையை இன்னும் நிறுத்தவே இல்லை.