குளியலறைக்கு இருபத்து மூன்றாம் டோக்கன்

பறவை அன்பர்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நாற்பத்தொரு ஆண்டுகளாக இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாத வெண்புருவச் செங்கழுத்துச் சிற்றீப்பிடிப்பான் திரும்பி வந்திருக்கிறது. வந்ததோடு நிற்காமல் கூடும் கட்டியிருக்கிறது. பறவை நான்கு அங்குலம். பெயர் அதைவிட நீளம். அந்தக் கூட்டைப் பார்க்க உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மகன் குடும்பத்தோடு வசிக்கும் மூன்றாம் மாடி வீட்டின் குளியலறை ஜன்னல். அந்த வீட்டில் கழிப்பறையும் அதுதான். வேறு கிடையாது.

முந்தின நாள் மாலை இந்த அறிவிப்பை, வீட்டு எண், மாடி, வரும் வழி சகிதம் பறவைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் மகன்தான். கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க அவனுக்குத் தோன்றவில்லை. காலை ஏழரைக்கு அவன் ஆபீஸுக்குக் கிளம்பினான். ஏழே முக்காலுக்கு முதல் ஆள் அழைப்பு மணியை அடித்தார். இப்போது மணி பத்தே கால். சமையலறை மூலையில், ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, கார்டு போனைக் காதில் வைத்திருந்தார்.

"ஹலோ... ஹலோ, நான்தாண்டா... ஆமா, அப்பாதான்... மீட்டிங்கா? இரு, வைக்காதே. வைக்காதே... நீ ஒண்ணும் பேச வேணாம், கேட்டுக்கிட்டே இரு. என்னால பாத்ரூம் போக முடியலைடா."

"... பறவை நல்லா இருக்கு... இருக்குடா, உட்கார்ந்திருக்காம்... முட்டையா? எனக்கு எப்படித் தெரியும், என்னை எங்க உள்ள விடுறாங்க? நான் சொல்றது என்னைப் பத்தி."

"... ஹால்ல இருபத்தாறு பேர். எண்ணியாச்சு. முப்பத்து மூணு வருஷம் வேகன் எண்ணினவன், தப்பாது... பேரெல்லாம் தெரியாது. ஒருத்தர் பல் டாக்டர், உங்க தலைவராம். அடுப்புக் குழாய் மாதிரி ஒரு லென்ஸ் வச்சிருக்கார். அதை நம்ம சோபாவுல உட்கார வச்சிருக்கார். நான் நிக்கிறேன்... அப்புறம் ஒரு புருஷன் பொண்டாட்டி, தலையிலேர்ந்து கால் வரைக்கும் இலை போட்ட துணி. பறவை கண்ணுக்குப் படக் கூடாதாம். நம்ம வெள்ளைச் சுவத்துல பளிச்சுன்னு தெரியறாங்க."

மறுமுனையில் மகன் குசுகுசுவென்று ஏதோ விளக்கம் சொன்னான். கார்டு 'ம்' கொட்டினார். ஒவ்வொரு 'ம்'முக்கும் கால் மாற்றிக்கொண்டார்.

அவர் ஒன்றும் பொறுமை தெரியாத ஆள் அல்ல. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கழிப்பறை என்று ஒன்று கிடையாது. அடுத்த நிலையம் எப்போது வரும் என்பது சிக்னலுக்குத்தான் தெரியும். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், கையில் கொடியும் அடிவயிற்றில் பாரமுமாக நின்ற மனிதர். ஆனால் அந்த உடம்புக்கு அப்போது முப்பது வயது. இப்போது எழுபத்தொன்று. இடையில் ஒரு சுரப்பி வீங்கியிருக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பல் டாக்டர் அல்ல, வேறு டாக்டர்.

"டோக்கன் குடுக்கறாங்கடா... ஆமா, எனக்கும்... இருபத்து மூணு... சொன்னேனே, இது என் வீடுன்னு. யாரோ வருமான வரி ஆலோசகராம், அவர்தான் டோக்கன். வீட்டுக்காரருக்கு முன்னுரிமை உண்டான்னு கமிட்டியைக் கேட்கறேன்னார். கமிட்டி மூணு பேர் நம்ம பால்கனியில கூடினாங்க. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேட்பாங்கன்னுட்டாங்க... எல்லாரும் எப்படிடா கேட்பாங்க, வேற யாருக்கு இது வீடு?"

வரி ஆலோசகர் அத்தோடும் விடவில்லை. கேமரா என்ன மாடல் என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார். கேமரா இல்லை என்றதும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. கேமரா உள்ளவர்களுக்கு ஏழு நிமிடம், இல்லாதவர்களுக்கு நான்கு என்று சொல்லி, டோக்கனின் மூலையில் '4' என்று எழுதிக் கொடுத்தார்.

"இப்ப பதினேழு நடக்குது. போய்ப் பன்னிரண்டு நிமிஷமாச்சு... பறவை முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காம். முகத்தைத் திருப்பினாத்தான் வெளியே வருவாராம்... கேட்டேன். கதவைத் தட்டவே கூடாதாம். கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருக்காங்க. வாசனை பூசிக்கிட்டு வரக் கூடாது, பேசக் கூடாது, மூணாவது சிவப்பு மையில, தண்ணி இழுக்கக் கூடாது... அப்ப நான் எதுக்குடா உள்ள போகணும்?"

"... ஆமா, அதையும் சொன்னார். சத்தத்துல மிரண்டா முட்டையை விட்டுட்டுப் போயிடும், இன்னொரு நாற்பத்தொரு வருஷம் வராதுன்னு. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். குற்றவாளியைப் பார்க்கற மாதிரி. நான் இன்னும் ஒண்ணுமே செய்யலைடா."

மகன் வேறு வழிகளை யோசித்துச் சொன்னான் போலிருக்கிறது.

"எதிர் வீடு பூட்டிக்கிடக்கு... கீழ் வீடா? யோசிச்சுத்தான் பேசறியா? நம்ம பாத்ரூம் தண்ணி அவன் தலையில சொட்டுதுன்னு ரெண்டு வருஷமா சண்டை. முந்தாநாள்தான் 'குடை பிடிச்சுக்கிட்டுக் குளி'ன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டுவேன்?... அவளா? உன் பொண்டாட்டி எட்டு மணிக்கே குழந்தை, துண்டு, சோப்பு டப்பா சகிதம் அவங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு. 'மாமா, நீங்களும் வந்துடுங்க'ன்னுதான் கூப்பிட்டா. நல்ல பொண்ணு. வீட்டுல ஒருத்தராவது இருக்கணுமேன்னு நான்தான்... என் புத்தியைச் சொல்லணும்."

கீழ் வீட்டுப் பக்கமே போகாதவர் போல அவர் பேசியது முழு உண்மை அல்ல. ஒன்பதரைக்குப் போனார். படிக்கட்டு நெடுக முக்காலிகளும் அவற்றின் சொந்தக்காரர்களும். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு இறங்கி, அந்தக் கதவின் முன் கையைத் தூக்கி, குடை ஞாபகம் வந்து, தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப ஏறினார். ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே ஏறினார்.

"அதைக்கூட விடு. கொஞ்ச நேரம் முன்னாடி ஒருத்தர் வந்து குடிக்கத் தண்ணி கேட்டார். வீட்டுக்கு வந்தவங்க, இல்லைன்னா சொல்ல முடியும்? ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேட்பாங்கன்னு உங்க கமிட்டி சொன்னது இதுலதான் பலிச்சுது. இருபத்தாறு டம்ளர்டா. ஒவ்வொண்ணா ஊத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஊத்தினேன்."

பிறகு மகன் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினான். கார்டின் முகம் மாறியது.

"என்னது... கழகத்துக்குச் செயலாளரா? உன்னையா?... நிஜமாவா?... பதினொண்ணரைக்கு முடிவு பண்றாங்களா? நம்ம ஹால்லயேவா?... ம்... ம்... சரி... சரிடா, புரியுது... இல்ல, இழுக்கமாட்டேன். உள்ள போனாலும் இழுக்கமாட்டேன். வாக்கு. போதுமா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பறவையை முதலில் பார்த்தவர் கார்டுதான். பதினோரு நாட்களுக்கு முன், தம்முடைய நீண்ட காலை அமர்வில், ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே, பழுப்பாக ஒரு பொடியன் நூல் துணுக்குகளைக் கவ்விக்கொண்டு பின்கட்டடச் சுவரில் உடைந்த குழாயின் வாய்க்குள் போவதைப் பார்த்தார். தினமும் காலையில் நான்கு முறை, பகலில் இரண்டு முறை, பொடியன் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் நாள், வாளியை வேறு பக்கம் வைக்கச் சொல்லும்போது, பேச்சுவாக்கில் மகனிடம் சொன்னார். போய் எட்டிப் பார்த்த மகன் ஓடி வந்து பறவைப் புத்தகத்தைப் புரட்டினான்.

அதற்குப் பிறகு கண்டுபிடித்தவன் மகன்தான். கார்டுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் அவன் பெயரைச் சொல்லி நாலு பேர் கை தட்டுவது இதுதான் முதல் முறை. பள்ளியில் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. ஆபீஸ் அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். பல் டாக்டரே போன் செய்து பாராட்டிய அன்று, சாப்பிடும்போது தானாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கார்டு காலைப் பின்னிக்கொண்டு நின்றார்.

"ஆனா பதினொண்ணரை வரைக்கும் என்னால தாங்க முடியுமான்னு... இல்ல, மனசு தாங்கும். மனசைப் பத்திக் கவலையில்ல... இரு, யாரோ வர்றாங்க."

வந்தது இலைத்துணி அம்மாள். காலி டம்ளரை வைக்க வந்தவள் கார்டின் கால்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் டோக்கனை அவர் கையில் வைத்து, அவருடையதை எடுத்துக்கொண்டாள். தன் அப்பாவும் இப்படித்தான் நிற்பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது பதினெட்டாம் எண். அதே நேரம் பதினேழு வெளியே வந்தார். பறவை கடைசிவரை திரும்பவில்லை என்ற துக்கம் அவர் முகத்தில் இருந்தது.

"டேய், கிடைச்சிடுச்சு. போறேன்... வைக்காதே, கூடவே இரு. நீ இருந்தாத்தான் எனக்கு வாக்கு ஞாபகம் இருக்கும்... ஆமா, டோக்கனைக் காட்டினேன். நாலு நிமிஷமாம். தாராளம்."

ஹாலில் எல்லாரும் வழிவிட்டார்கள். பல் டாக்டர் ஒரு விரலை உதட்டிலும் இன்னொரு விரலை மூன்றாவது விதியிலும் வைத்துக் காட்டினார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே கழிப்பறை மூடியின் மேல் மடக்கு நாற்காலி ஒன்று ஏற்றி வைத்திருந்தது. கார்டு அதை இறக்கினார். இரண்டரை மணி நேரத்தில் அவர் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான்.

"... ம்... இரு... பேசாதே... பேசாதேடா, நீ பேசினா வரமாட்டேங்குது..."

"... அப்பாடா."

"... தெரியுதுடா, தெரியுது. இங்கேர்ந்து பார்த்தா நேரா முகம்... ஆமா, திரும்பிடுச்சு. என்னைத்தான் பார்க்குது. தொண்டையில செங்கல் பொடி அப்பின மாதிரி... புருவமா? வெள்ளைதான்... அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. நானும் உட்கார்ந்திருக்கேன்... போட்டோ எல்லாம் எடுக்க முடியாது, என் கை எங்கே இருக்குன்னு நான் உனக்குச் சொல்லணுமா?"

எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். உடம்பு காற்றாக இருந்தது. மனசில் உலகத்தின் மேல் ஒரு பிரியம் வந்தது. பல் டாக்டரின் மேல்கூட வந்தது. அந்தப் பிரியத்தில் எழுபத்தொரு வருஷப் பழக்கமுள்ள கை, யாரையும் கேட்காமல், தானாகத் தொட்டியின் பிடிக்குப் போனது.

"சரிடா, ஆச்சு. வெளியே வந்து உனக்கு... என்ன?... இல்லடா, நான் எங்க இழு..."

தொட்டித் தண்ணீர் மொத்தமும், பழைய குழாய்க்கே உரிய உறுமலோடு இறங்கியது. கடைசியில் ஒரு விக்கல் விக்கி நின்றது.

வெளியே இருபத்தாறு பேரும் ஒன்றாகக் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"... ஹலோ... டேய்... இருக்கியா?... கை தானா போயிடுச்சுடா... வேணும்னு இல்ல... ஹலோ... ஏதாவது பேசுடா... ஹலோ..."

இணைப்பு அறுந்திருந்தது. கதவுக்கு வெளியே பல் டாக்டர், யார் மீது என்ன நடவடிக்கை என்பதைத் தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார். கார்டு போனைக் கையில் பிடித்தபடி, பயந்து பயந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

பறவை அசையவில்லை. பதினோரு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அது கூடு கட்டியது.