புதருக்குள் ஆறுமணிக்குருவி

என் பெயர் அன்புக்கரசி, வயது 38, க/பெ அசோகன். வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் வசித்துவருகிறேன். துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை. குடியிருப்பை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் நானும் என் தோழி ராஜாத்தியும் காலையில் பறவை பார்ப்பது வழக்கம். அங்கே நொச்சியும் உண்ணிச்செடியும் மண்டிய புதர் உள்ளது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும் ஆறுமணிக்குருவிகள் ஐப்பசியில் வடக்கிலிருந்து வலசை வந்து அதில் இறங்கி இளைப்பாறும்.

நேற்று காலை நாங்கள் போனபோது, இறகுப்பந்துத் திடல் அமைக்க அந்தப் புதரை அகற்றுவதற்காக ஒப்பந்ததாரர் குமாரவேல் பொக்லைன் இயந்திரத்துடன் வந்திருந்தார். புதரடியில் ஒரு ஆறுமணிக்குருவி, பறந்து வந்த களைப்பில் அலகைத் திறந்தபடி சருகில் உட்கார்ந்திருந்தது. அது கிளம்பும் வரையாவது பொறுக்கும்படி கேட்டேன். அவர் மறுத்ததால் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். ராஜாத்தியும் நின்றார். இருவரும் நகரவில்லை.

அதன் பின்பு ஓட்டுநர் ஃபர்ஹான் இறங்கி வந்து விவரம் கேட்க, என் பைனாகுலரைக் கொடுத்துக் குருவியைக் காட்டினேன். அதன் பச்சை முதுகையும் சிவந்த அடிவயிற்றையும் வெகுநேரம் பார்த்தவர், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கேர்ந்தோ வந்துகீது சார். அது மேல வண்டிய வுட என்னால ஆவாது. வேற ஆள பாத்துக்கோங்க."

குமாரவேல் அவரை ஏசிவிட்டு, நாங்கள் வேலையைத் தடுப்பதாகக் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் குடியிருப்பு ஜனங்கள் கூடி, பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். அதன் பின்பு உதவி ஆய்வாளரான தாங்களும் மாநகராட்சி உதவிப் பொறியாளரும் வந்தீர்கள். வாசலருகே உள்ள கட்டாந்தரையில் திடல் போட்டால் என்ன என்று கேட்டேன். பொறியாளர் போய் அளந்து பார்த்து, இடம் போதும் என்றார். இயந்திரம் வெளியே போனது. மாலையில் புதருக்குள்ளிருந்து குருவி இரண்டு முறை கூவியது. பூங்கா முழுக்கக் கை தட்டினார்கள். ராஜாத்தி அழுதுவிட்டார்.

இயந்திரத்தை மறித்தது உண்மை. யாரையும் தொடவோ திட்டவோ இல்லை. யாரும் என்னைத் தூண்டவும் இல்லை. குருவி இறங்கினால் மறுபடியும் மறிப்பேன். இன்று காலை அதே புதரில் மூன்று குருவிகள் இருந்தன. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. அன்புக்கரசி

என் முன்பாக,
காவல் உதவி ஆய்வாளர்