லிஃப்டுக்கு எத்தனை மார்க்

பாத்து வாம்மா, வாசப்படி ஓரம் உடைஞ்சிருக்கு. எட்டு மாடியும் நடந்தேவா ஏறி வந்தே? உக்காரு. அய்யோ, அந்தச் சேர்ல வேணாம், இந்த ஸ்டூல்ல உக்காரு. முதல்ல மூச்சு வாங்கிக்க, அப்புறமா உங்க ஹவுசிங் போர்டு ஃபாரத்தை எடு. தண்ணி குடிக்கிறியா? காலையில கீழேருந்து நான் தூக்கிட்டு வந்தது, பயப்படாம குடி. குழாயில வர்றது துணி துவைக்கக்கூட ஆகாது.

என்ன கேட்டே, தண்ணி வசதியா? அஞ்சுக்கு அஞ்சு போடு. ஏம்மா சிரிக்கிறே? போடுன்னா போடு.

செவுரா? இதோ, கை வெச்சா உதிருது பாரு. பக்கத்து வீட்டம்மா தும்மினா எனக்கு ஜலதோஷம் பிடிக்கும், அவ்ளோ மெல்லிசு. அதுக்கும் அஞ்சு. காத்து, வெளிச்சம்? ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரர் ஷேவ் பண்றது தெரியும், மூடினா பகல்லயே லைட்டு போடணும். அஞ்சு.

பொய் இல்லம்மா, பயம். ரெண்டு வருஷம் முன்னாடி உன்னை மாதிரியே ஒரு தம்பி இதே ஃபாரத்தோட வந்தாரு. அவரு வர்றதுக்கு முந்தின வாரமே கீழ ஒரு பேச்சு. குறை சொல்றவங்க பேரைத் தனியா குறிச்சு வெச்சு, காலி பண்ணச் சொல்லிடுவாங்களாம். யாரு கெளப்பினதோ! வேற எங்க போறது, சொல்லு. ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் கழுவறேன், இங்கேருந்துன்னா நடந்தே போயிடலாம். இதை விட்டா ரோடுதான். அதனால மாடி மாடியா, கதவு கதவா தட்டி, எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்கன்னு சொல்லியாச்சு. ஏழாவது மாடி டெய்லர் மட்டும் மல்லுக்கு நின்னாரு. ஓடாத லிஃப்டுக்கு எப்படிங்க மார்க் போடறதுன்னு. கெஞ்சிக் கூத்தாடி அவரையும் போட வெச்சாச்சு.

ஆறு மாசம் கழிச்சு உங்க ஆபீஸுக்குப் போய், லிஃப்ட் என்னங்க ஆச்சுன்னு கேட்டா, அங்க இருந்த ஆபீசரு ஃபைலைத் திருப்பிக் காட்டறாரு. குடியிருக்கறவங்க எல்லாருக்கும் திருப்தி, ரிப்பேர் தேவையில்லைன்னு எழுதியிருக்கு. திரும்பப் படியேறி வந்துட்டேன்.

போன மழையில என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் என்னமோ சீக்கிரமே வந்துடுச்சு. ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில திரும்பாதுன்னுட்டாங்க. அந்தச் சேர்ல உக்கார வெச்சு நாலு பேரு தூக்கினாங்க. சேரோட முன்காலைப் பிடிச்சது அதே டெய்லர்தான். நாலாவது மாடி வளைவுல என் வீட்டுக்காரரு, கொஞ்சம் இறக்குங்கப்பா, மூச்சு வாங்கிக்கறேன்னாரு. இறக்கினாங்க. அவ்ளோதான்.

மறுநாள் டெய்லர் சேரை மட்டும் மேல கொண்டாந்து வெச்சுட்டுப் போனாரு. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை.

அன்னிக்கு மாடி மாடியா கதவு தட்டினது யாருன்னா கேக்கறே? நான்தாம்மா. வேற யாரு.

அழல, தூசி. செவுத்துத் தூசி. நீ எழுது. என்ன பாக்கி, லிஃப்டா?

வீடு இன்னும் என் வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கு. என் பேருக்கு மாத்தித் தாங்கன்னு குடுத்த மனு உங்க ஆபீஸ் மேசையிலதான் கிடக்குது.

அஞ்சு போடும்மா. இறங்கும்போது பாத்துப் போ, நாலாவது மாடி வளைவுல லைட்டு எரியாது.