ஞாயிறு பத்தரைக்கு முன்னால்

பெயர் கிரிதரன், வயது 47, தகப்பனார் பெயர் லட்சுமிநாராயணன், தொழில் ஜவுளிக்கடை விற்பனையாளர், குடியிருப்பு மதுரை ஆனையூர். பரவை அருகே 13.02.1999 சனிக்கிழமை நடந்த லாரி விபத்து தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானே 12.03.1999 அன்று காவல் நிலையத்துக்கு வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

நான் சென்ற செப்டம்பரில் மதுரையிலிருந்து சைக்கிளில் தனியாகப் புறப்பட்டு, நேபாளம், பூட்டான் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். புறப்படும்போது எண்பத்துநான்கு கிலோ இருந்தேன். பக்கத்துத் தெருவுக்கே ஆட்டோவில் போகிறவன் என்று என் மனைவி அலர்மேல்மங்கை ஊர் முழுக்கச் சொன்னதால்தான் கிளம்பினேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று எழுத்தர் சொல்வதால் விட்டுவிடுகிறேன்.

என் நண்பர் பிச்சுமணி, ஆனையூரில் 14ஆம் தேதி ஞாயிறு காலை பத்தரை மணிக்கு எனக்கு வரவேற்பு ஏற்பாடு செய்து, ‘தனி ஒருவராக, முழுவதும் மிதித்தே’ என்று நோட்டீஸும் அடித்திருந்தார். வியாழக்கிழமை சேலத்திலிருந்து போன் செய்தபோது, “மாப்ளே, பத்தரைக்கு முன்னாடி ஊருக்குள்ள தலையக் காட்டினே, திரும்பக் காத்மாண்டுக்கே அனுப்பிச்சிடுவேன்” என்றார். சனிக்கிழமை மதியம் திண்டுக்கல் வந்ததும் போன் செய்வதாகச் சொன்னேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை இரவு கரூரில் புரோட்டா சாப்பிட்டேன். ஐந்து மாதமாக எந்த நாட்டுத் தண்ணீருக்கும் அசையாத வயிறு அதற்கு அசைந்துவிட்டது. காலையில் பெடலை மிதிக்க முடியவில்லை. பரவை மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றிப் போன லாரியைக் கை காட்டி நிறுத்தினேன். டிரைவர் பெயர் சுருளி. திண்டுக்கல்லில் இறக்கிவிடும்படி கேட்டுக்கொண்டு, சைக்கிளோடு மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்தவன் தூங்கிப் போனேன். சுருளி எழுப்பும்போது லாரி பரவைக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை எதிரே நின்றது.

“திண்டுக்கல்லுல ரெண்டு தடவ உசுப்பினேண்ணே, நீங்க எந்திரிக்கல” என்றார்.

“நாளைக்கு ஊர்ல எனக்கு வரவேற்பு இருக்கு. லாரியில வந்தேன்னு யார்ட்டயும் சொல்லிறாதய்யா.”

“நான் ஏண்ணே சொல்றேன்? எனக்கா மாலை போடப் போறாக?”

அதன் பிறகு அவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். ஒரு நாள் முன்னதாக ஊர் வாசலில் வந்து நிற்கிறேன். கேட்டால் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆகவே சைக்கிளை டீக்கடைக்குப் பின்னால் சாத்திச் சாக்கால் மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. போன் செய்தால் திண்டுக்கல்லில் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டும் என்பதால் செய்யவில்லை. பொய்க்குப் பயந்தது அன்றைக்கு அந்த ஒரு முறைதான்.

போன் வராததால் பிச்சுமணி என்னைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார். சுமார் மூன்றரை மணிக்கு அவருடைய டி.வி.எஸ். 50 பரவைப் பக்கமிருந்து வருவதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய சுருளியின் லாரி மெதுவாகத்தான் வந்தது. சைக்கிளில் கட்டியிருந்த கொடி சாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதைக் கீழே இழுத்தேன். இழுத்ததால்தான் அது அசைந்தது. அசைந்ததால்தான் அவர் பார்த்தார்.

நான் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். “மாப்ளே!” என்று இருமுறை கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்வையைக் கொடியிலிருந்து எடுக்காமல், கை காட்டாமல், கடை இருக்கும் வலப்பக்கம் சட்டென்று வண்டியைத் திருப்பினார். லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்தது, பிரேக்கும் போட்டது. டிரைவர் மேல் தவறில்லை. கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்தார். இதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் லாரி வேகமாக வந்ததாகச் சொல்லிச் சுருளியை அடித்தார்கள். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். “உசுரு இருக்கு” என்று யாரோ சொன்னார்கள். அது போதும் என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் நோட்டீஸில் போட்டபடி சரியாகப் பத்தரைக்கு ஆனையூர் போய்ச் சேர்ந்தேன். தோரணம் இருந்தது, ஆள் இல்லை. பிச்சுமணி வீட்டுக்குப் போனேன். மதியம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. மேலே பெரிய ரோஜா மாலை. அவர் மனைவி ஜானு, “உங்களுக்குன்னு அவரே சொல்லி வெச்ச மாலைண்ணா. வீணாப் போகப்படாதேன்னு போட்டுட்டேன். நீங்க திண்டுக்கல்லேர்ந்து எப்போ கிளம்பினேள்?” என்று கேட்டார். விடியற்காலை நாலு மணிக்கு என்றேன்.

இப்போதும் கடையில் பின்னாலிருந்து யாராவது ‘மாப்ள’ என்றால் கவுண்டருக்குக் கீழே குனிந்துவிடுகிறேன். இமயமலைக் குளிர் நரம்பில் ஏறிவிட்டது என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

நேற்று சுருளியின் மனைவி சின்னத்தாய் என் வீடு தேடி வந்து, ‘கிரிதரன், மதுரை – காத்மாண்டு – திம்பு’ என்று நான் பெயிண்டில் எழுதியிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். “லாரியில கெடந்துச்சுண்ணே. பேரு போட்டிருக்கேன்னு விசாரிச்சுக் கொண்டாந்தேன்” என்றார். சுருளி, ஜாமீனுக்கு ஆளில்லாமல் இன்னும் உள்ளே இருக்கிறார். என்னைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லலையே. ஒங்களுக்கு அவரத் தெரியுமாண்ணே?” என்றார். தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு தூங்கவில்லை. காலையில் இங்கே வந்தேன்.

கரூரிலிருந்து பரவை வரை நான் மிதிக்கவில்லை.

மேலே கண்டதை எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். பிச்சுமணி ‘இருமுறை கூப்பிட்டார்’ என்று நான் சொன்னதை மட்டும் ‘மூன்று முறை’ என்று திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் கையெழுத்திட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டது லாரி மோதிய பிறகு. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாவும் உண்மை.

(ஒப்பம்) ல. கிரிதரன்