பைப்பு ரிப்பேர்

எனக்கும் என் மாமனாருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், மதியம் இரண்டு மணிக்கு டிவியில் வரும் விண்வெளித் தொடர்தான். மற்றபடி உப்பிலிருந்து ஜன்னல் திரைவரை ஏழாம் பொருத்தம். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருந்தார். வலது கையைக் கொஞ்சம் அசைப்பார். வாய் மட்டும் குறையவில்லை. என் கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒரு படுக்கைப் புண்கூட வரவிட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

தொடரில் ஒரு வறண்ட கிரகம். அங்கே தண்ணீர்க் குழாய்களுக்கு ஓர் அதிகாரி. தன்னை எதிர்த்துப் பேசிய சுரங்கத் தொழிலாளிகளின் குடியிருப்புக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவான். அதைப் பார்த்ததும் மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் இந்த வேலைய பாத்திருக்கேம்மா. ரயில்வே கேட்டுக்குப் பின்னாடி தெரு. எவனோ என் சைக்கிள் டயரக் கிழிச்சுட்டான். பதினோரு நாள் வால்வையே திறக்கல. பைப்பு ரிப்பேர்னு சொல்லிட்டேன். காஞ்சுபோய்க் கெடந்தானுங்க."

அவர் தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வெகு முன்பே நாங்கள் இடம் மாறிவிட்டதால், அந்தத் தெருவில் பிறந்தவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பதினோரு நாளில் ஒன்பதாவது நாள், என் தங்கை வயிற்றுப்போக்கில் செத்துப்போனாள். நாலு வயது. அதைக் கேட்டும் எழுந்துபோய் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தேன்.

கடைசிப் பகுதியில் அந்த அதிகாரி, தானே பூட்டிய கதவுக்கு வெளியே மாட்டிக்கொள்வான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டி நிறையத் தண்ணீர். இந்தப் பக்கம் நாக்கு வறண்டு சாவான். மாமனார் சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார்.

"இவனுக்கெல்லாம் இப்படித்தாம்மா சாவு வரணும்."

"நிஜமாவா மாமா?"

"பின்னே? இல்லேன்னா கதைன்னு எதுக்கு எடுக்கறான்?"

அவருக்கு உறைக்கவே இல்லை. தீர்ப்பை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை மிச்சம். அன்று சாயங்காலம் கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சமையலறையில் வைத்தேன்.

திரையில் எட்டு நிமிடத்தில் முடிந்தது. வீட்டில் ஐந்து நாள் ஆனது. முதல் நாள் திட்டினார். இரண்டாம் நாள், "அம்மா தாயே, ஒரு வாய் தண்ணி குடும்மா" என்றார்.

"வால்வ மூடிட்டாங்க மாமா. பைப்பு ரிப்பேர்" என்றேன்.

அப்போதுதான் புரிந்தது போலிருக்கிறது. என்னையே பார்த்தார். பிறகு கேட்கவில்லை. கணவர் போனில் விசாரித்தபோது, தூங்குகிறார் என்று சொன்னேன். இரண்டு மணிக்கு டிவியைப் போட்டுவிட மட்டும் தவறவில்லை. வேறு தொடர் ஆரம்பித்திருந்தார்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். என் தங்கைக்காகத்தான். அவள் உதடு வெடித்துக் கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர்கூடவா இல்லை என்று கேட்கிறீர்கள். ஒரு குடம் இருந்தது. அம்மா லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கப் போனபோது, "பாப்பாவுக்கு அப்பப்போ குடுடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் பள்ளியில் எங்கள் வகுப்பைப் படம் எடுப்பதாக இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. தலை சிக்குப் பிடித்து நாறியது. அந்தக் குடத்துத் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன்.

அவர் வால்வைத் திறந்திருந்தால், நான் ஏன் சார் அந்தக் குடத்தைத் தொடப்போகிறேன்?